தாகேதாவில் டாக்கோ

"ம்மா, இன்னிக்கு ராத்திரி நீ அடுப்புப் பக்கமே வரக் கூடாது. சமையல் என்னோடது."

வாய் நிறைய பற்பசை நுரையோடு பெரியவள் இதைச் சொன்னபோது மணி ஆறரை. நான் ரங்கூன் நகரத்துக்குள் லத்தாவில் இருக்கிற கடைக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் தலையை வாரிக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்யப் போற?"

"டாக்கோ."

பெயரைக் கேட்டிருக்கிறேன், போனில் படம் பார்த்திருக்கிறேன். தின்றதில்லை. அவள் நுரையைத் துப்பிவிட்டு வந்து விளக்கினாள். மெக்சிகோ நாட்டுச் சாப்பாடாம். மெல்லிசாக ஒரு ரொட்டி, மொறுமொறுவென்று பொரித்துப் பாதியாக மடித்தது. உள்ளே வைக்கக் கறி, கோசு, தக்காளி, வெங்காயம் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். அவரவர் தமக்கு வேண்டியதை எடுத்து அடுக்கிக் கடித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

"அரை மணி நேர வேலைம்மா. செலவும் இல்ல. கால் வீசை கோழிக் கறி போதும். மீதிக்கு பேபியோ போட்டு நெரப்பிடுவேன்."

பேபியோ என்றால் எங்கள் ஊரில் விடிகாலையில் தலையில் தட்டு வைத்துக் கூவி விற்றுப் போவார்களே, அந்த வேகவைத்த பட்டாணி. அதைப் போய் மெக்சிகோக்காரன் ரொட்டிக்குள் வைக்கப் போகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அப்பாவுக்காகவா?" என்றேன்.

"நாளைக்குக் காலையில நான் பதில் சொல்லணும்மா" என்றாள், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நகரத்துக்குள் ஒரு சின்ன ரெஸ்டாரண்டில் பெரியவள் சில வாரம் சமையல் பழகினாள். படிப்பு முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற காலத்தில் ஏதோ கற்றுக்கொள்ளட்டும் என்று என் வீட்டுக்காரரும் விட்டுவிட்டார். அங்கே இவள் கைச்சுறுசுறுப்பைப் பார்த்து, நிரந்தரமாகவே வந்துவிடு என்று கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் வெடித்தது. "ஓட்டல் வேலைக்கா? அதுக்கா இவ்ளோ படிக்க வச்சேன்? டீக்கடையில மேசை தொடச்சவன் நான். என் பொண்ணு அந்த வாசல மிதிக்க வேணாம்" என்றார். இவள் பதிலுக்கு, "நீங்க சரின்னு சொல்லாம நான் போக மாட்டேன். ஆனா இனிமே உங்கள கேக்கவும் மாட்டேன்" என்றாள். தீபாவளி கழிந்த கையோடு நடந்தது இது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால், ஒரே அறைக்குள் உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

"உன் பொண்ணுகிட்ட சொல்லு, ஃபேன குறைக்கச் சொல்லி."

"அம்மா, ஃபேன் ஒண்ணுலதான் ஓடுதுன்னு அவர்கிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு!" என்று நான் கத்துவேன். இருவரும் என்னைத்தான் முறைப்பார்கள். அந்த முறைப்பு மட்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும்.

அன்றைக்கு முழுக்க எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. நான் வேலை பார்ப்பது மிளகாய், மல்லி, காய்ந்த சாமான் எல்லாம் மொத்தமாக விற்கிற கடை. முதலாளியம்மா சீனத்துப் பெண்மணி. எதைச் சொன்னாலும், "அப்படியா? நல்லா தின்னு, நல்லா தூங்கு, எல்லாம் சரியாயிடும்" என்பார். கப்பல் சரக்கு வராவிட்டாலும் அதையேதான் சொல்வார். நான் மகள் டாக்கோ செய்யப் போகிறாள் என்றதும் கண்ணை அகலமாக்கி, "பேர் நல்லா இருக்கே! தாகேதாவுல டாக்கோ! தின்னு பாத்துட்டு நாளைக்கு எனக்கு விவரமா சொல்லணும்" என்றார். ஒரு பொட்டலம் சீரகத்தை வேறு கையில் திணித்து அனுப்பினார். திரும்பும்போது தெருவோரத்தில் வெண்ணெய்ப்பழம் மலையாகக் குவித்திருந்தது, ஷான் மலையில் இருந்து வந்த சீசன் பழம். இரண்டு பழுத்ததாக அமுக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். பஸ் ஆற்றுப்பாலம் ஏறும்போது பை மடியில், மனசு எங்கேயோ. சின்னப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு படபடப்பு.

வீட்டுப் படி ஏறுகிறேன், தெரு முழுக்கக் கூச்சல். "மீ லாபி! மீ லாபி!"

கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். ரங்கூனில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கரண்ட் வருகிற நேரம் எங்களுக்குக் கல்யாண வீட்டு நேரம். அரிசியைக் குக்கரில் போடு, போனைச் செருகு, சட்டைக்குப் பெட்டி போடு, தண்ணி மோட்டாரை ஓட விடு, எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எங்கள் வார்டுக்குச் சாயங்கால முறை.

உள்ளே பெரியவள் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தாள். கோதுமை மாவில் கொஞ்சம் அரிசி மாவு கலந்து பிசைந்து, உருண்டைகளை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். மின்சார அடுப்பில் ஒரு சட்டி, பக்கத்தில் கரி அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. கோழிக் கறியை நன்றாகக் கொத்தி, பூண்டு, மிளகாய்த்தூள், நான் கொண்டுவந்த சீரகத்தைக் கையால் நசுக்கிப் போட்டு வதக்கினாள். வாசனை கிளம்பியது பாருங்கள்! நம் வீட்டு வாசனைதான், ஆனால் எங்கேயோ வெளியூர் போய்த் திரும்பி வந்த மாதிரி. அதில் பேபியோவைக் கொட்டிக் கரண்டியால் பாதியை மசித்தாள். கால் வீசைக் கறி சட்டி நிறைய ஆகிவிட்டது.

"பின்னாடி!" என்று கத்தினாள். நான் திடுக்கிட்டு நகர்ந்தேன்.

"என்னடி, அதட்டுற?"

"கிச்சன்ல அப்படித்தான்மா. சூடா எடுத்துட்டுப் போறவங்க சொல்லணும். இல்லேன்னா மேல ஊத்திக்குவோம்."

ரொட்டியைத் தேய்த்து எண்ணெயில் போட்டு, ஒரு பக்கம் பொங்கினதும் இடுக்கியால் பாதியாக மடித்துப் பிடித்தாள். படகு மாதிரி நின்றது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. கோசு நூல் நூலாக. தக்காளி, வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி, வெண்ணெய்ப்பழத்தை மசித்து உப்புப் போட்டு, தயிரைத் துணியில் கட்டி வடித்து. ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணத்தில். கீழே பாய் விரித்து அவள் அடுக்கி வைத்ததைப் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி இருந்தது. சின்னவளுக்கு ஒன்பது வயசு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மோப்பம் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தாள்.

பக்கத்து வீட்டு பர்மிய ஆன்ட்டி சன்னலில் தலையை நீட்டினார். என்னை ஞீமா, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "ஞீமா, யார் வீட்டுல கல்யாணம்? சொல்லாம கொள்ளாம!" என்றார். ஆன்ட்டிக்கு ஒரு தட்டு தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

"உங்கப்பா ஏழுக்குத்தான் வருவார். நீ போய்க் குளி, நான் மோட்டார் போட்டுட்டு வரேன்" என்றேன். பெரியவள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். சின்னவளைக் கூட்டிக்கொண்டு நான் கீழே இறங்கினேன். மோட்டார் அன்றைக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டது, தண்ணி ஊற்றி ஊற்றி ஓட வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம்தான் போயிருக்கும்.

மேலே வந்து கதவைத் தள்ளினேன்.

இவர் உட்கார்ந்திருக்கிறார். வேலை பார்க்கிற கோடவுனுக்குச் சரக்கு வரவில்லையாம், சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயில் சம்மணம் போட்டு, எங்கள் வீட்டுப் பெரிய அலுமினியத் தாம்பாளத்தை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறார். தயிர்க் கிண்ணம் தவிர சுற்றிக் கிண்ணமெல்லாம் காலி. கோசு, தக்காளி, வெங்காயம், கறி, பட்டாணி, வெண்ணெய்ப்பழம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. கரைத்த புளி, வறுத்த கடலை மாவு, பூண்டு எண்ணெய் எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றியாகிவிட்டது. நான் பார்க்கப் பார்க்கக் கடைசிப் படகையும் எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நறநறவென்று நொறுக்கி உள்ளே தூவினார்.

"என்னங்க பண்றீங்க!"

"என்ன பண்றேன்? அத்தோ பிசையறேன்" என்றார் நிதானமாக. "எல்லாத்தையும் நறுக்கி வச்சுட்டு ரெண்டு பேரும் எங்கயோ போயிட்டீங்க. தக்காளி தண்ணி விட்டுடாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் பக்கம் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் கோசும் வெங்காயமும் நறுக்கி, மொறுமொறுவென்று ஏதோ ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தால், வேறு எதற்கு? நொறுக்கிப் போட்டு, புளி ஊற்றி அத்தோ என்று கையால் பிசையத்தான். பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதானே. டாக்கோ என்று அவரிடம் சொல்லலாமென்றால் வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள்? நானும் திடீரென்று காட்டி அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"கூப்பிடு அவளை" என்றார் குரலைத் தாழ்த்தி. "என் கை அத்தோன்னா சின்னதுல இருந்தே அவளுக்கு உசிரு. கோவம் இருந்தாலும் இதுக்கு வந்துடுவா. அதான் கொஞ்சம் நிறையவே பிசைஞ்சேன்."

அவள் இவருக்காகச் செய்து வைத்ததை, இவர் அவளுக்காகப் பிசைந்து வைத்திருக்கிறார்! சிரிப்பதா, அழுவதா, ஓடிப்போய்க் குளியலறைக் கதவை வெளியே தாழ் போடுவதா?

கதவு திறந்துவிட்டது. தலையில் துண்டு சுற்றி, கன்னத்தில் புதுசாகத் தனக்கா மரப்பட்டைக் குழைவு பூசிக்கொண்டு வந்தாள் பெரியவள். தாம்பாளத்தைப் பார்த்தாள். கிண்ணங்களைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"ப்பா! அது டாக்கோ!"

என் வழியாக இல்லை. நேராக.

"டாக்கோன்னா?"

"நீங்க நொறுக்கினதுதான் டாக்கோ!"

"அப்பளம்னு நெனச்சேன்" என்றார். "மடிச்சு மடிச்சு வச்சிருந்துச்சு. டப்பாவுல அடுக்க வசதியா மடிச்சிருக்காளேன்னு பாத்தேன்."

"அப்பளத்த யாருப்பா மடிப்பா!"

"நீ மடிச்சிருந்தியே!"

சின்னவள் சிரித்தேவிட்டாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்குக் காட்டணும்னுதான் செஞ்சேன். அங்க நான் மேசை தொடைக்கப் போகல. இதத்தான் செய்யறேன். நாளைக்குக் காலையில நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். இன்னிக்கு நீங்க ஒரு வாய் கடிச்சுப் பாத்தா போதும்னு நெனச்சேன். எல்லாத்தையும் பிசைஞ்சுட்டீங்க" என்றாள்.

இவர் தாம்பாளத்திலிருந்து கையை எடுத்தார். விரலெல்லாம் கடலை மாவு. எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேரை அதட்டி லாரியில் சரக்கு ஏற்றுகிற மனுஷன். அப்படி அவரைப் பார்த்ததே இல்லை நான்.

சின்னவள் என் கையிலிருந்து நழுவிப் போய்த் தாம்பாளத்தில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். இன்னொரு பிடி எடுத்தாள். "அக்கா, சும்மா அழுவாத. செம!"

பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்து விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடி மென்றாள். கோபத்தில் இருக்கிறவள் மாதிரியே இல்லை, தங்கத்தை உரசிப் பார்க்கிற ஆசாரி மாதிரி இருந்தது.

"புளி பத்தல" என்றாள்.

"பத்தலையா?" என்றார் இவர், உடனே.

"வெண்ணெய்ப்பழம் புளிய இழுத்துடுச்சு. இன்னும் ரெண்டு கரண்டி வேணும். கறிக்கு சீரகம் போட்டிருக்கேன்ல, அதுக்குப் பச்ச மிளகாயும் வேணும். ப்பா, கைய கழுவாதீங்க. அப்படியே இருங்க."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. மாவு உருண்டைகளில் பாதி மிச்சம் இருந்தது. "ம்மா, நீ தேய். பொரிக்க நேரமில்ல, கல்லுல போட்டு எடுத்துடலாம், மெத்து டாக்கோ. எப்ப வேணா கரண்ட் போயிடும்" என்று தலைத் துண்டை உருவி எறிந்துவிட்டு அடுப்புக்குத் தாவினாள். நான் தேய்த்துத் தேய்த்து நீட்டுகிறேன், அவள் கல்லில் போட்டுத் திருப்புகிறாள். "ப்பா, புளி ஊத்தறேன், பிசைங்க. அழுத்தாதீங்க, மேல தூக்கி விடுங்க." அவர் தூக்கி விட்டார். "சூடு! பின்னாடி!" என்று அவள் கத்த, அவர் உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை ஒடுக்கிக்கொண்டார். வீட்டில் அவருக்கு யாரும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை, அவர் கேட்டும் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. அவள் கை போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லிலிருந்து ரொட்டியை வெறும் விரலால் எடுக்கிறாள், ஒன்று வேகும்போதே அடுத்ததைப் போட இடம் பார்த்து வைக்கிறாள், நடுவில் கத்தியைத் துடைத்து ஓரமாகத் திருப்பி வைக்கிறாள்.

முதல் ரொட்டியைத் தட்டில் வைத்து, அத்தோவை நடுவில் நீட்டமாக வைத்து, தயிர் ஒரு கோடு இழுத்து, மடித்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் கைதான் பிசைந்த கையாயிற்றே.

"தலைய சாய்ச்சுக் கடிங்க. இல்லேன்னா பின்பக்கமா ஊத்திடும்."

சாய்த்துக் கடித்தார். பின்பக்கமாக ஊற்றத்தான் செய்தது, கைலி மேலே. மென்றார், மென்றார், விழுங்கினார். நாங்கள் மூன்று பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அங்க உன்ன யாராவது ஏசுவாங்களா?" என்றார்.

எதிர்பாராத கேள்வி. பெரியவள் அடுத்த ரொட்டியை எடுத்தாள். "ஏசுவாங்க. அவசரத்துல எல்லாரும் எல்லாரையும் ஏசுவாங்க. நானும் ஏசுவேன்."

"நீயுமா?"

"பின்ன? மரியாதையாத்தான்."

அவர் சிரித்துவிட்டார். வாயில் இருந்ததெல்லாம் தெறிக்கிற சிரிப்பு. "என்ன ஏசினவன திருப்பி ஏச எனக்கு வாய் வரல பாப்பா. கிளாஸ் உடைஞ்சா சம்பளத்துல பிடிப்பான், பிடிச்சதுக்கு மேல அடிப்பான். அத நெனச்சுத்தான்…" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "இன்னொண்ணு மடி" என்றார்.

அவள் மடித்தாள். அதைத் தின்றுகொண்டே கேட்டார், முதலாளி எப்படி, சமையல்கட்டில் வேறு பெண்கள் உண்டா, ராத்திரி எப்படி வருவாய் என்று. பெண்கள் இரண்டு பேர் உண்டு. கடைசி பஸ் போவதற்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் அவள் ரொட்டியைத் திருப்பியபடியே பதில் சொன்னாள். ஆன்ட்டிக்கு ஒரு தட்டு போயிற்று, இன்னொன்று உண்டா என்று தட்டு திரும்பி வந்தது. தாம்பாளம் வழித்து முடிக்கிற வரை கரண்ட் போகவில்லை. ஆனால் சரி என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கை கழுவினார், வெற்றிலை போட்டுக்கொண்டார், படுத்துவிட்டார். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? கேட்க மாட்டேன் என்றவள் அவள்தானே.

காலையில் ஏழுக்கெல்லாம் கோடவுனுக்குக் கிளம்புகிற மனுஷன், எட்டு மணிக்கும் வீட்டில் இருந்தார். கைலியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். பெரியவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், எண்ணை அழுத்தாமல்.

"இன்னும் பேசலையா?" என்றார் வாசலில் நின்று.

"என்னன்னு பேச?"

"வரேன்னு பேசு. வேற என்ன பேசுவ?"

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, தெருவே கேட்கிற மாதிரி. அடக்கிக்கொண்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பெரியவள் எண்ணை அழுத்திப் பேசி முடித்தாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் உள்ளே வந்தார். அவள் கால்மாட்டில் கிடந்த ரப்பர் செருப்பைக் காலால் புரட்டி அதன் அடியைப் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டா அங்க நிப்ப?"

"ஆமாப்பா. ஏன்?"

"சமையல்கட்டுத் தரை எந்நேரமும் ஈரம். எண்ணெயும் சேந்தா தூக்கி அடிச்சுடும். வழுக்காத அடி போட்ட செருப்பு இருக்கு, லத்தாவுல ஒரு சந்துல விப்பான். கோடவுனுக்கு அரை நாள் லீவு சொல்லிட்டேன். எழுந்திரு, கால் அளவு பாக்க நீ வந்தாத்தான் ஆகும்."

அவள் தலை வாரக்கூட நிற்கவில்லை. நானும் அந்தப் பக்கம்தானே போக வேண்டும், பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழி நெடுக, கத்தியை எப்படிப் பிடிக்கணும் தெரியுமா என்று அவளும், சூடான தண்ணியை எப்படித் தூக்கணும் தெரியுமா என்று அவரும், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் முடிக்க விடாமல் பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு நடுவில் ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்கவில்லை.